நூறு மணி நேரத்துக்கு ஒரு தடவை

காருக்கு ஆயில் எப்போது மாற்ற வேண்டும் என்று யாராவது வாய் திறந்தால் போதும், எனக்கு இன்றைக்கும் கையும் காலும் ஒரு இடத்தில் நிற்காது. இரண்டாயிரம் மைல் என்பார் ஒருவர். மூவாயிரம் என்பார் இன்னொருவர். கறுத்தால் மாற்று, இல்லாவிட்டால் மேலே ஊற்றிக்கொண்டே இரு என்பார் மூன்றாவது ஆள். எல்லாம் அரைகுறை! எங்கள் வீட்டில் மைல் கணக்கே கிடையாது. எஞ்சின் நூறு மணி நேரம் ஓடினால் ஆயிலும் மாற்ற வேண்டும், ஃபில்டரும் மாற்ற வேண்டும். அதற்கு மேல் ஒரு மணி நேரம் கூட ஏறக்கூடாது.

இது நைனாவின் கணக்கு. நைனா என்றால் என் அப்பா. ஹார்பரில், பெரிய கப்பல்களைக் கட்டி இழுத்து வரும் படகில் எஞ்சின் ஃபிட்டர். கடலில் மைல் கல் ஏது? எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று நோட்டில் எழுதி வைத்து, அதைப் பார்த்துத்தான் ஆயில் மாற்றுவார்கள். அறுபதுகளின் கடைசியில் அவர் ஒரு பழைய பச்சைக் காரைத் திருவொற்றியூர் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தபோது, அதில் மைல் காட்டும் மீட்டர் செத்துக் கிடந்தது. வேறு யாராவது என்றால் தலையில் கை வைத்திருப்பார்கள். நைனாவுக்கு ஒரே குஷி.

"மைலு இன்னாத்துக்கும்மா? ரயில்வே கேட்டாண்ட அரை மணி நேரம் நின்னுகினு கீறோம். மைலு ஏறுதா? ஏறல. ஆனா எஞ்சினு ஓடிகினுதானே கீது, ஆயிலு வெந்துகினுதானே கீது? நீ மணிய எழுது!"

நியாயம்தானே? எழுதும் வேலை என்னுடையது. அம்மா நான் சின்னவளாக இருக்கும்போதே போய்விட்டாள். வீட்டில் நானும் நைனாவும்தான், மூன்றாவதாக அந்தக் கார். கார் கிளம்பினால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு வரி எழுதுவேன். வெளியே எஞ்சின் எத்தனை நேரம் ஓடியது என்று அவர் வந்ததும் சொல்லுவார், அதற்கு ஒரு வரி.

நூறு ஆனதும் வீட்டு வாசலில் பெரிய வேலை நடக்கும். நைனா காருக்கு அடியில் படுத்துக்கொள்வார். நான் நோட்டோடு பக்கத்தில் குந்திக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்பேன்.

"அடி நட்டு கழட்டியாச்சா?"

"ஆச்சும்மா."

"கடைசிச் சொட்டு வரைக்கும் வடிஞ்சிதா?"

"வடிஞ்சிது."

"பழைய வாஷர் கைக்கு வந்துச்சா?"

இந்த மூன்றாவது கேள்விதான் உயிர். அந்தக் காலத்து ஃபில்டர் ஒரு இரும்புக் குவளைக்குள் இருக்கும். குவளை எஞ்சினோடு சேரும் இடத்தில் ஒரு ரப்பர் வாஷர். ஃபில்டர் மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்ற வேண்டும். பழைய வாஷர் சூட்டில் கறுத்து, மேலே இருக்கும் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டு, இருக்கிற இடமே தெரியாது. அது தெரியாமல் புதியதை வைத்து முடுக்கினால் இரண்டு வாஷர் ஆகிவிடும், ஆயில் நிற்காது. அதனால் நைனா பழைய வாஷரைக் கையில் எடுத்து எனக்குக் காட்டினால்தான் நான் நோட்டில் கோடு போடுவேன். எதிர்வீட்டு டாக்சிக்காரர் எங்களைப் பார்த்துச் சிரிப்பார். "இன்னா மாமு, ஆயில் மாத்துறியா, பூசை வெக்கிறியா?" சிரிக்கட்டுமே! அவர் டாக்சி மாதம் ஒரு முறை நடுரோட்டில் நின்றது. எங்கள் கார் நிற்கவில்லை.

அப்படிப்பட்ட கார் என் கல்யாணத்தன்று நின்றது.

கல்யாணம் ராயபுரம் கோயிலில், சாம்பல் புதனுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை. அதை விட்டால் தவக்காலம். நாற்பது நாளுக்குக் கோயிலில் கல்யாணம் கிடையாது. மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. கல்யாணத்துக்கு எட்டாம் நாள் கப்பல் ஏறினால் திரும்பி வர ஒன்றரை வருஷம். ஆகவே அந்தச் செவ்வாயை விட்டால் என் கதை கந்தல். சாமியாரோ பெரிய கறார். பதினோரு மணிக்குப் பூசை. பன்னிரண்டு மணி அடித்துவிட்டால் அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

பத்திரிகை கொடுக்க எண்ணூருக்கும் வியாசர்பாடிக்கும் அலைந்ததில் நோட்டு நூறைத் தாண்டிவிட்டது. நான் குதித்தேன்.

"நூத்திப் பதினொண்ணு நைனா!"

"கல்யாணம் முடியட்டும்மா. ஒரு நாள்ல இன்னா ஆயிடப் போவுது?"

"நான் போறதுக்குள்ள மாத்தணும். கடைசிக் கோடு நான்தான் போடணும்."

பிடிவாதத்தில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை. திங்கட்கிழமை சாயங்காலம் வீடு நிறைய உறவு ஜனம் இருக்க, நைனா காருக்கு அடியில் போனார். இரண்டு கேள்வி கேட்டேன். அதற்குள் நைனாவின் அக்கா, என் அத்தை, வந்து என் கையைப் பிடித்தார். "நலங்கு வெக்க எல்லாரும் குந்திகினு கீறாங்க, கல்யாணப் பொண்ணுக்குக் காராண்ட இன்னாடி வேல?" என்று தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார். கன்னத்தில் சந்தனம் ஏறியதும் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மூன்றாவது கேள்வியைச் சுத்தமாக மறந்தேன்.

மறுநாள் காலை! வெள்ளைச் சேலை, தலையில் பூக்கிரீடம், பின்னால் இடுப்பு வரைக்கும் வலை முக்காடு. பச்சைக் காருக்கு மூக்கிலிருந்து வால் வரை காகிதப் பூ. நைனா புது வேட்டி, புது வெள்ளை ஜிப்பாவில் ஓட்டுகிறார், பக்கத்தில் அத்தை, பின்னால் நான் மகாராணி. ஹைரோட்டில் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

தண்டையார்பேட்டை தாண்டியதும் மூக்கில் ஏறியது அந்த வாடை. சுட்ட ஆயில் வாடை எனக்குத் தெரியாதா? எட்டிப் பார்த்தால் ஆயில் மீட்டரின் முள் கீழே சாய்ந்து கிடக்கிறது.

"நிறுத்துங்க நைனா!"

அவரும் பார்த்துவிட்டார். ஆனால் காலை எடுக்கவில்லை. "ரெண்டு மைலுதாம்மா. எஞ்சினு போனா போவட்டும், உன் கல்யாணம் போவக்கூடாது."

"எஞ்சின அணைங்க! இல்லாங்காட்டி ஓடுற வண்டிலேர்ந்து குதிப்பேன்!"

குதிக்க அவசியம் வரவில்லை. எதிரே ரயில்வே கேட் சாத்தியிருந்தது, ஹார்பர் கூட்ஸ் ஒன்று முன்னும் பின்னுமாக நகர்ந்துகொண்டிருந்தது. எஞ்சின் நின்றது. கீழே பார்த்தால் சொட்டுச் சொட்டாக ஆயில், வந்த வழி முழுக்கக் கறுப்புக் கோடு.

"பழைய வாஷர் கைக்கு வந்துச்சா?" என்றேன்.

நைனா என்னைப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. "நீ கேக்கலியேம்மா" என்றார்.

பத்தே முக்கால். கூட்ஸ் பின்னால் நகர்ந்த நேரம் பார்த்து அத்தை கேட்டின் ஓர வழியாக ஓடிப் போய் அந்தப் பக்கம் ஒரு ரிக்‌ஷாவை நிறுத்திவிட்டார். "நீ ஏறுடி, உங்கப்பன் அப்பால வருவான்!" நானும் சேலையைத் தூக்கிக்கொண்டு போனேன், பொய் சொல்லவில்லை. ஒரு கால் ரிக்‌ஷாவில் வைத்தாயிற்று. அப்போது திரும்பிப் பார்த்தேன். நைனா ஜிப்பாக் கையை மடித்துவிட்டு, திறந்த பானெட்டுக்கு முன்னால் தனியாகக் குனிந்து நிற்கிறார். உதடு அசைகிறது. என் கேள்விகளைத் தனக்குத் தானே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

காலை இறக்கிவிட்டேன். அத்தையைப் பிடித்து ரிக்‌ஷாவில் உட்கார வைத்தேன். "சாமியார் கால்ல வுழுந்தாவது நிக்க வைங்க, அத்தை!" என்று சொல்லிவிட்டுத் திரும்ப ஓடினேன். வலையை இடுப்பில் செருகிக்கொண்டு காருக்குப் பக்கத்தில் நின்றேன்.

"குவளை கழட்டியாச்சா?"

அவர் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தார். "கழட்டிட்டேம்மா. சூடு கொளுத்துது."

"பழைய வாஷர்?"

"பள்ளத்துல ஒட்டிகினு கீது. நகம் எறங்கல."

என் கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவிக் கொடுத்தேன். அதை வளைத்து நெம்பினார். கறுப்பாக, காய்ந்த தோல் மாதிரி, வந்தது பாருங்கள் அந்தப் பாழாய்ப்போன வாஷர்! நான் போட்ட கூச்சலில் பின்னால் நின்ற லாரிக்காரர்கள் எல்லாம் இறங்கி வந்துவிட்டார்கள்.

புதிய வாஷரைச் சரியாக உட்கார வைத்து முடுக்கியாயிற்று. ஊற்ற ஆயில்? பின்னால் இருந்த டின்னில் கால் பங்குதான். நான் லாரிக்காரர்கள் பக்கம் திரும்பினேன். "அண்ணே, பதினோரு மணிக்கு எனக்குக் கல்யாணம். ஆளுக்குக் கொஞ்சம் ஆயில் குடுங்க!"

"டேய், கல்யாணப் பொண்ணு கேக்குதுடா, எட்றா டின்ன!"

நாலு லாரியிலிருந்து நாலு விதமான ஆயில். இன்னொரு வண்டி ஆயிலைத் தொடக்கூட மாட்டாத நைனா, எல்லாவற்றையும் வாங்கி ஊற்றினார். கேட் திறந்தது. ஒரு லாரியும் முன்னால் போகவில்லை. எங்கள் கார் உறுமிக் கிளம்பிய பிறகுதான் நகர்ந்தார்கள், அதுவும் கோயில் வரைக்கும் ஹாரன் அடித்துக்கொண்டே!

பன்னிரண்டுக்கு இன்னும் பத்து நிமிஷம். சாமியார் வாசலிலேயே நின்றிருந்தார், பக்கத்தில் அத்தை கும்பிட்ட கையோடு. சாமியார் ஆயில் படிந்த என் விரல்களைப் பார்த்தார், நைனாவின் ஜிப்பாவைப் பார்த்தார். "கையைக் கழுவிட்டு வாம்மா" என்றார், அவ்வளவுதான். அன்றைக்கு எனக்குக் கல்யாணம் ஆயிற்று.

நாலாம் நாள் காலை ராயபுரத்தில் மாமியார் வீட்டுச் சந்தில் எங்கள் கார் ஹாரன். நைனா புது ஆயில் டின், புது ஃபில்டர், நோட்டோடு நிற்கிறார். "ஊரு ஆயிலெல்லாம் கலந்து கீதும்மா, உடனே மாத்தணும்." வாஸ்தவம்தான். வாசலிலேயே மாற்றினோம். நான் கேட்டேன், அவர் பதில் சொன்னார்.

கணவர் கப்பல் ஏறினார். அடுத்த தடவை நைனா வந்தபோது நோட்டைப் பார்த்தேன். கோணல் கையெழுத்தில் அறுபது மணி நேரம் என்றிருந்தது. கூட்டலில் பிசகி இருப்பார் என்று நினைத்தேன். அதற்கடுத்த தடவை முப்பத்தெட்டு. ஆயில் கம்பியை உருவிப் பார்த்தால் தேன் நிறம்.

"நைனா, நாப்பது கூட ஆவல. நல்லா கீற ஆயில இன்னாத்துக்குக் கொட்டுறீங்க? நூறுன்னு சொன்னதே நீங்கதானே?" என்று சண்டைக்கே போனேன்.

அவர் கழிவுத் துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

"பொண்ணக் குடுத்த வூட்டுக்கு சும்மா எப்டிம்மா வர்றது?" என்றார்.

நோட்டைத் திறந்தேன். "பழைய வாஷர் கைக்கு வந்துச்சா?" என்று கேட்டேன். உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கோடு போட்டேன். அதற்குக் கீழே, அடுத்த தடவை என்று எழுதி, பக்கத்தில் இருபது மணி நேரம் என்று போட்டு நோட்டை அவர் கையில் கொடுத்தேன்.