காலையில் நன்றாக நடந்த கண்ணகி

செய்யூரில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் அருணகிரி, 2003 ஆகஸ்டில் மாமல்லபுரத்துக்குப் போனது படிப்பதற்காக அல்ல. டாக்டர்களுக்கான தொடர் கல்விக் கூட்டம் என்று அழைப்பு வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை, கடற்கரை ஓட்டல், நரம்பியல் பற்றி நாலு பேச்சு, நடுவில் மீன் வறுவலோடு சாப்பாடு, கடைசியில் சான்றிதழ். பின்வரிசையில் ஏசிக்கு நேர் கீழே அரைத்தூக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவதாகப் பேசியவர் ஸ்ரீதேவி என்ற நரம்பியல் டாக்டர். திரையில் ஒரு வீடியோவை ஓடவிட்டார். சின்னப் பெண் ஒருத்தி காலையில் துள்ளி ஓடினாள். அவளே சாயங்காலம், பாதம் உள்பக்கமாக முறுக்கிக்கொள்ள, சுவரைப் பிடித்தபடி இழுத்து இழுத்து நடந்தாள்.

"பிறவியிலேயே மூளையில கோளாறுன்னு இந்தக் குழந்தைகளைக் கைவிட்டுடறோம். இல்லேன்னா நடிப்புன்னு சொல்றோம். நடுக்குவாதத்துக்குக் குடுக்கிற அதே மாத்திரை, கொஞ்சமா, தினமும் குடுத்தா போதும், எழுந்து நடப்பாங்க. அம்மாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க. காலையில எப்படி, சாயங்காலம் எப்படி?"

அருணகிரிக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. அவர் கேட்காமலே ஒரு தாய் அதைச் சொல்லியிருந்தாள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்பு நடந்தது அது. ஜெகதாம்பாள், வேர்க்கடலைக் கொல்லையில் கூலி வேலைக்குப் போகிறவள், எட்டு வயது மகள் கண்ணகியை அழைத்து வந்தாள். "காலைல நல்லாத்தான் நடக்குது சார். பொழுது சாய சொல்லோ காலு கோணிக்கினு வுழுவுது."

மணி பத்து. பெண் மேஜையோரம் நேராக நின்றாள். வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள்.

"ஸ்கூலுக்கு மட்டம் போட நடிக்கிறா. ரெண்டு போடு, சரியாயிடும்" என்று சொல்லி ஒரு டானிக் எழுதி அனுப்பினார்.

அதோடு போகவில்லை. நாலைந்து வருஷம் கழித்து ஒருநாள் பஸ் ஜன்னல் வழியாக, அந்தப் பெண் வாசலில் கையை ஊன்றித் தவழ்வதைப் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று மாமல்லபுரத்தில் சாப்பாட்டுக்கு நிற்காமல் ஸ்ரீதேவியிடம் விவரம் கேட்டுக்கொண்டு நேரே ஜெகதாம்பாள் வீட்டுக்குப் போனார். கண்ணகிக்குப் பதினேழு வயது. பள்ளிக்கூடத்தை விட்டு ஏழு வருஷம் ஆகியிருந்தது. அந்த வாரமே சென்னைக்குக் கூட்டிப்போய் ஸ்ரீதேவியிடம் காட்டினார். அவர் எழுதிய மாத்திரை செய்யூர் மருந்துக்கடையிலேயே கிடைத்தது. நடுக்குவாதம் வந்த கிழவர்களுக்கு அருணகிரி வருஷக்கணக்காக எழுதிவந்த மாத்திரைதான்.

ஐந்தாம் நாள் கண்ணகி எழுந்து நின்றாள். பத்தாம் நாள் பொழுது சாய்ந்த பிறகும் கிணற்றடி வரைக்கும் நடந்தாள். ஜெகதாம்பாள் கிளினிக்குக்கு வந்து அத்தனை பேர் முன்னால் அவர் காலில் விழுந்தாள். "சாமி சார் நீ" என்றாள். ஊரெல்லாம் அதே பேச்சு. யாராவது கையெடுத்துக் கும்பிட்டால் அவருக்கு உடம்பு கூசியது.

இரண்டு மாதம் பொறுத்தார். பிறகு ஜெகதாம்பாளை உட்காரவைத்துச் சொன்னார். "நீ அன்னைக்கே எல்லாத்தையும் சரியா சொன்னம்மா. நான்தான் காதுல வாங்கல. அப்பவே இந்த மாத்திரை இருந்துச்சு."

அவர் திட்டுக்குக் காத்திருந்தார். திட்டினால் நல்லது என்றுகூட இருந்தது.

"நா அடிச்சேனே சார்" என்றாள் கடைசியில். "நீங்க சொன்னீங்கன்னு தென்னமட்டையால அடிச்சேன். எழுந்து நடடி, நடிக்காதடின்னு."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தன் பாரம் குறையும் என்றுதான் அவர் சொன்னார். அதில் பாதியை அவள் தலையில் ஏற்றியதுதான் மிச்சம்.

அடுத்த கூட்டம் செங்கல்பட்டில் நடந்தது. அருணகிரி முன்வரிசையில் உட்கார்ந்தார். கேள்வி நேரத்தில் எழுந்து, ஒன்றையும் மறைக்காமல், அந்த டானிக் வரை எல்லாவற்றையும் சொன்னார். யாரும் கை தட்டவில்லை. பக்கத்தில் இருந்த வயதான டாக்டர் ஒருவர் மட்டும் குனிந்து எதையோ எழுதிக்கொண்டார்.

ஜெகதாம்பாள் அதற்குப் பிறகு கிளினிக்குக்கு வரவில்லை. கண்ணகிதான் மாதாமாதம் தனியாக பஸ்ஸில் வந்தாள். எட்டாம் வகுப்புப் பரீட்சைக்குத் தனியாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா எப்படி இருக்காங்க?" என்று ஒருமுறை கேட்டார்.

"நா எங்க போனாலும் பின்னாலயே வருது சார். திரும்பிப் பாத்தா நின்னுடுது. இன்னாம்மான்னு கேட்டா ஒண்ணும் இல்லன்னுது."

அவர் மருந்துச்சீட்டில் ஒரு மாத மாத்திரையை எழுதிக் கொடுத்தார். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.