சேனை தொட்ட விரல்

கர்ப்பத்துல எனக்குச் சுகர். அதனால மகள் பிறந்ததுமே அவ குதிகாலைக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்துல சீனி அளவு பாத்தாங்க. குறைவா இருந்துச்சு. "ரொம்ப இறங்கிட்டா வலிப்பு வந்துரும். பால் குடு, ஒரு மணி நேரத்துல திரும்பப் பாக்கேன்"னு நர்ஸ் சொல்லிட்டுப் போனா.

தென்காசி ஆஸ்பத்திரி அது. குற்றாலத்துல சீசன், சன்னல்ல சாரல். என்னைப் பெத்தவங்க மேலகரத்துல இருந்து ஆட்டோ ஏறினா பத்து நிமிஷம். வரலை. நானாப் பாத்து முடிச்ச கல்யாணம், அந்த வீம்பு. வீட்டுக்காரருக்குத் தாய் தகப்பன் இல்லை. அவருக்கும் பட்டாளத்துல லீவு கிடைக்கலை.

பக்கத்துக் கட்டில்ல ஒரே கூட்டம். பிள்ளைக்கு யாரு சேனை தொடன்னு அத்தைமாருக்குள்ள சண்டை. பிறந்த பிள்ளை நாக்குல சீனித்தண்ணி தொட்டு வைக்கவங்க குணம்தான் அதுக்கு வரும்னு சொல்லுவாங்க. ஆஸ்பத்திரியில கூடாதும்பாங்க, யாரு கேக்கா? எனக்கு வயிறு எரிஞ்சுது. என் பிள்ளைக்குன்னு சண்டை போட ஒரு நாதி இல்லையே!

காப்பிக்குன்னு பொய் சொல்லி அவங்ககிட்டக் கொஞ்சம் சீனி வாங்கினேன். தண்ணியில கரைச்சு நானே தொட்டு வச்சேன். பிறகு அந்தப் பிஞ்சுக் காலைப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன்.

நர்ஸ் வந்து, பஞ்சால லேசா ஒத்திட்டு, அதே காலைக் குத்தினா. "நூத்தி எழுபது! ஏறிருச்சே, இனி குத்த வேண்டாம்"னு சிரிச்சா. எனக்கும் சந்தோஷம். அப்புறம்தான் என் விரல் பிசுபிசுன்னு ஒட்டுதேன்னு பாத்தேன். மெஷின் அளந்தது பிள்ளை ரத்தத்தையா, என் கைச் சீனியையா?

திட்டு விழும்னு கூடப் பயமில்லை. ஏன் நீயே தொட்டேன்னு கேட்டா என்ன சொல்ல? அந்த வெக்கம்தான் வாயை அடைச்சுது. ஆனா பிள்ளைக்கு வலிப்பு வந்துட்டா? நர்ஸ் வாசலைத் தாண்டுறதுக்குள்ள, "சிஸ்டர், நில்லுங்க"ன்னு கூப்பிட்டுச் சொல்லிட்டேன்.

"கூறு இருக்கா உனக்கு? தொட வேற ஆளா கிடைக்கலை?"

"யாரும் வரலை, சிஸ்டர்."

அவ உடனே காலை நல்லாக் கழுவித் துடைச்சுக் குத்தினா. முப்பத்தொண்ணு. பிள்ளையைத் தூக்கிட்டு ஓடினா.

ரெண்டு நாள் பிள்ளைக்குக் குளுக்கோஸ் ஏறுச்சு. நான் வெறுங்கட்டில்ல பக்கத்துக் கூட்டத்தோட சிரிப்பைக் கேட்டுக்கிட்டுக் கிடந்தேன். மூணாம் நாள் பிள்ளையைக் கையில தந்தாங்க.

இப்ப நாலு வயசு. ஊசின்னா பயமே கிடையாது. ஆனா நான் அடுப்படிக்குப் போனாக்கூட, "என்னைத் தனியா விட்டுட்டுப் போவாதம்மா"ன்னு சேலையைப் பிடிச்சுக்கிட்டே வாரா. சேனை பலிக்கும்னு சொன்னா எல்லாரும் சிரிக்காங்க. எனக்குச் சிரிப்பு வரலை.