தகரத்தில் ஒரு கென்டே

கானாவில் கென்டே துணி நெய்யும் எங்கள் போன்விரேயில் பெண்கள் தறியில் உட்காரக் கூடாது. வெல்டிங் கம்பியைத் தொடக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை, சொல்ல மறந்துவிட்டார்கள். அந்த மறதியின் பெயர்தான் டுஃபி.

நெசவாளி மகள். ஊருக்கெல்லாம் இரும்புக் கேட் செய்து தருபவள். பழைய டாக்சிக் கதவு, கூரைத் தகரம், ஃபிரிட்ஜ் தகடு எல்லாவற்றையும் உள்ளங்கை அகலப் பட்டைகளாக வெட்டினாள். கென்டே துணியில் பட்டைகளைப் பக்கம் பக்கமாக வைத்துத் தைப்பதுபோலப் பற்றவைத்து, பனைமர உயரத்துக்குச் சற்றுக் குறைவாக முறுக்கி நிறுத்தினாள். மனுஷனும் இல்லை, மிருகமும் இல்லை. காற்றில் பறக்கும் துணி என்று சொல்லலாம். சொல்லாமலும் இருக்கலாம்.

லாரி நிலைய முக்கில் நிற்கப்போவது இதுவா, இன்னொருவர் செய்த சிமென்ட் சிங்கமா என்று ஊர் முடிவுசெய்ய வேண்டும். சிங்கத்துக்குத்தான் ஆதரவு அதிகம். எங்களில் யாரும் சிங்கத்தைப் பார்த்ததில்லை என்பது அதன் கூடுதல் தகுதி. தோற்றால், டுஃபி தன் சிற்பத்தை அறுத்து மறுபடி கேட் ஆக்க வேண்டியதுதான். கடைசி வார்த்தை நெசவாளர் தலைவர் சார்போங்குடையது.

வந்தார். பார்த்தார்.

"என்னம்மா இது, விபத்தா?"

"துணி, நானா." பெரியவர்களை நாங்கள் 'நானா' என்றுதான் கூப்பிடுவோம்.

"துணியா? எங்கே, உடுத்திக் காட்டு."

"உடுத்தினா ஊசி போடணுமே!" என்றான் ஒரு தறிக்காரன். கூட்டம் சிரித்தது.

"நீங்க நெய்யறதுல பாதி வெள்ளைக்காரன் வீட்டுச் சுவத்துல தொங்குது. அதை எந்தச் சுவரு உடுத்துச்சு?" என்றாள் டுஃபி.

சிரிப்பு கட்சி மாறியது.

பெரியவர் சிற்பத்தைச் சுற்றி வந்தார். திடீரென்று நின்றார். முகம் கறுத்தது.

"ஏ பொண்ணு! இந்தப் பட்டையைத் தலைகீழா வெச்சிருக்கே! மஞ்சளுக்குப் பக்கத்துல மஞ்சள் வருது பாரு. கட்டம் மாறி மாறி விழ வேணாமா? உங்கப்பன் பேரைக் கெடுக்கவா வந்தே? பிரி, இப்பவே பிரிச்சு மாட்டு!"

"தகரத்துக்கு ஏது நானா தலையும் காலும்?"

"தகரமாவது! துணிடி இது, து…"

வாயை மூடிக்கொண்டார். ஆனால் வார்த்தை ஊர் முழுக்கப் போய்விட்டது. கத்திய கத்தலில் ஆடுகள் ஓடின. டுஃபி கண்ணாடி மாட்டிக்கொண்டு மேலே ஏறினாள். பொறி பறந்தது. கீழே நின்ற நெசவாளர் அத்தனை பேரும், "இடது பக்கம்! இன்னும் கொஞ்சம்!" என்று மேஸ்திரி ஆனார்கள்.

தலைகீழ்ப் பட்டை தவறுதலா, தந்திரமா என்று அவளிடமே கேட்டேன். "எது நல்லா இருக்கோ, அதை எழுதிக்கோங்க" என்றாள்.

சிங்கம் அதைச் செய்தவர் வீட்டு முற்றத்திலேயே நிற்கிறது; அதன்மேல் இப்போது துவைத்த துணி காய்கிறது. பெரியவர் தறியில் புது மாதிரி ஒன்று ஏறியிருக்கிறது: நடுவே மஞ்சளுக்குப் பக்கத்தில் மஞ்சள். எங்கள் ஊரில் ஒவ்வொரு மாதிரிக்கும் பெயர் உண்டு.

இதற்கு 'டுஃபி' என்று வைத்திருக்கிறார்.