கலியமூர்த்தி சொல்லாத வேலை

கோவில்பதாகை ஊரில் கலியமூர்த்தியைத் தெரியாதவர்கள் இல்லை. அவர் என்ன வேலை பார்க்கிறார் என்பது மட்டும் வீட்டாரைத் தவிர யாருக்கும் சரியாகத் தெரியாது. கேட்டால் "மிலிட்டிரி பேக்டரில கீறேன்" என்பார். கேட்டவர் தன்பாட்டுக்குத் துப்பாக்கி, பீரங்கி என்று நினைத்துக்கொள்வார். நினைத்துக்கொண்டு போகட்டுமே, இவருக்கு என்ன நஷ்டம்? உண்மையில் அவர் ராணுவச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் டெய்லர். அதிலும் அவருடைய பிரிவில் கால்சட்டைப் பை மட்டும்தான். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை பை, பை, பை.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? சோறு போடும் வேலை. ஆனால் பக்கத்து வீட்டு சண்முகசுந்தரம் டாங்கி செய்யும் தொழிற்சாலையில் வெல்டர். டீக்கடையில் அவர் வாயைத் திறந்தால் டாங்கிதான் ஓடும். அவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஊசி நூல் கதை பேச கலியமூர்த்திக்கு நாக்கு எழவில்லை. வீட்டில் மனைவி கஸ்தூரி சீர்வரிசையாகக் கொண்டுவந்த தையல் மிஷின் இருந்தது. அவள் தெருப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். கலியமூர்த்தி அதன் பக்கமே போகமாட்டார். தன் கைலி கிழிந்தால்கூட அவள்தான் தைக்க வேண்டும்.

மகன் தேவராஜுக்கு ஒன்பது வயதானபோது வினை வந்தது. எண்பத்தொன்பதாம் வருடம். தெருப் பையன்கள் கில்லி ஆடும் நேரத்தில் இவன் மிஷினடியில் துண்டுத்துணி பொறுக்கிக்கொண்டிருப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கலியமூர்த்தி கறி வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தால், பையன் நின்றபடியே மிஷினை மிதித்து, ரோஜாப்பூப் போட்ட துணியில் கவுன் தைத்துக்கொண்டிருக்கிறான். இடுப்பில் அழகாகச் சுருக்கு வேறு.

"இன்னாடா பண்ணிக்கினு கீறே, பொட்டப்புள்ள மாறி?"

"தங்கச்சிக்கு கவுனு நைனா. நீகூட தெக்கிறியே?"

"நா தெக்கிறது சோல்ஜருக்குடா!"

பையன் கேட்டதில் நியாயம் இருந்தது. அதனாலேயே கோபம் இரட்டிப்பாக வந்தது. கவுனை உருவிப் பரண்மேல் வீசினார். மிஷின் மூடியைப் பூட்டிவிட்டார்; இனி கஸ்தூரி தைக்கும்போது மட்டும்தான் திறக்க வேண்டும்.

"புள்ள திருடுனானா? ஏன்யா இப்டி குதிக்கிறே?" என்றாள் கஸ்தூரி.

அடுத்த வாரம் பையனுக்கு ஒரு பொம்மைத் துப்பாக்கி வாங்கி வந்தார். அவன் மரியாதையாக வாங்கி அலமாரியில் வைத்தான். அப்புறம் அதைத் தொடவில்லை. மிஷினைப் பற்றியும் பேசவில்லை. வேறெதைப் பற்றியும் அதிகம் பேசவில்லை. பையன் திருந்திவிட்டான் என்று கலியமூர்த்திக்கு நிம்மதி.

ஆயுத பூஜை வந்தது. அன்று ஒருநாள் தொழிலாளர்களின் குடும்பங்களைத் தொழிற்சாலைக்குள்ளே விடுவார்கள். வருடா வருடம் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தவர், இந்தமுறை கஸ்தூரியின் பிடிவாதத்துக்கு இறங்கி எல்லோரையும் அழைத்துப் போனார்.

கூடம் நிறைய மிஷின்கள். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு துண்டு கதம்பம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் முறுக்கு மீசையும் திருநீறுமாக ஓர் ஆள். இத்தனை ஆண்களும் டெய்லர்களா? தேவராஜ் வாய் பிளந்து நின்றான். அப்பாவின் மிஷினை மெல்லத் தொட்டான். சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். கலியமூர்த்தி அதைப் பார்த்துவிட்டார்.

மேற்பார்வையாளர் வீரராகவன் பொரிகடலை கொண்டுவந்தார். "தம்பி பெரியவனானா இன்னா ஆவப்போறே?"

தேவராஜ் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்து, "போலீசு சார்" என்றான்.

கலியமூர்த்தி ஆசைப்பட்ட பதில்தான். ஆனால் சந்தோஷப்பட முடியவில்லை. அந்தக் குரலை அவருக்கு நன்றாகத் தெரியும். டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் "மிலிட்டிரி பேக்டரி" என்று தரையைப் பார்த்துச் சொல்கிற அவருடைய குரல் அது. பிள்ளைக்குச் சேர்த்துவைத்த சொத்து இதுதானா?

"சும்மா சொல்றான் சார்," என்றார். "கவுனு தெப்பான். ஷோக்கா தெப்பான். டெய்லரு புள்ள சார் அவன்."

டெய்லர் என்ற அந்தச் சொல்லை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. வீரராகவனுக்கு அதில் விசேஷமாக ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு கை பொரி போட்டுவிட்டு அடுத்த மிஷினுக்குப் போய்விட்டார்.

மறுநாள் விஜயதசமி. கலியமூர்த்தி பரணில் ஏறி, பாதி தைத்த கவுனை எடுத்துத் தூசி தட்டினார். தெருக்கதவைத் திறந்து வைத்துக்கொண்டே, மூடியின் பூட்டைத் திறந்து மிஷினில் உட்கார்ந்தார். மீதிச் சுருக்கைத் தொட்டதும் கை நின்றுவிட்டது. காலமெல்லாம் பை தைத்தவருக்குச் சுருக்கு எப்படி வரும்?

வாசலில் சண்முகசுந்தரம் எட்டிப் பார்த்தார். "இன்னா கலியமூர்த்தி, மிஷின்ல குந்திக்கினு கீறே?"

"என் வேலையே இதான் அண்ணாத்தே."

தேவராஜ் மெல்லப் பக்கத்தில் வந்து நின்றான். "நைனா, சுருக்கு உனுக்கு வராது. நவுரு."

நகர்ந்து கொடுத்தார். அவன் தைத்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மிச்சத் துணியில் ஒரு சதுரம் வெட்டினார்.

"கவுனுக்கு பாக்கெட்டா? பொட்டப்புள்ளைக்கு எதுக்கு நைனா?"

"இருக்கட்டும்டா. கோலி போட்டுக்கட்டும்."