காலி மூலைக்குப் போன பந்து

எங்கள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிப்பது இரண்டு பேர் வேலை. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடக்க வேண்டும். நாங்கள் குட்டை, நெட்டை என்று கூப்பிடும் இருவரும் பதினோரு வருடம் இப்படி எதிரெதிரே நடந்தவர்கள். வாய் ஊர் வம்பு பேசிக்கொண்டிருக்கும். ஒருத்தி கையை இன்னொருத்தி பார்த்ததே இல்லை. மடிப்பு நூல் பிடித்த மாதிரி வரும்.

சாயங்காலம் சலவைக்கூட அணியாகக் கூடைப்பந்து ஆடும்போதும் அதே கதைதான். குட்டை திரும்பிக்கூடப் பார்க்காமல் இடது மூலைக்குப் பந்தை எறிவாள். அங்கே நெட்டையின் கை இருக்கும். மீதி மூன்று பேரும் ஒப்புக்குச் சப்பாணி. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நெட்டைக்கு ரத்தத்தில் புற்று. மூன்றே மாதம். எங்கள் நான்காவது மாடியில்தான் கிடந்தாள், குட்டை மடித்துக் கொடுத்த விரிப்பின் மேல்.

அதற்குப் பிறகு குட்டை யாரையும் மறுமுனையைத் தொட விடவில்லை. சுவரில் இரண்டு கொக்கி அடித்து, அதில் மாட்டித் தனியாக மடித்தாள். மைதானத்தில் அந்த மூலையில் நிற்க எங்களில் யாருக்கும் மனசு வரவில்லை. அவள் கையோ பழைய வேலையையே செய்தது. பந்து காலி மூலைக்குப் போய்க் கோட்டைத் தாண்டிவிடும். நான்கு ஆட்டம் தோற்றோம். பயிற்சி கொடுக்கும் பாய்லர்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"இன்னொரு தடவை அங்க எறிஞ்சா உன்னை உக்கார வச்சிடுவேன். செத்தவ வந்து பிடிப்பாளா?"

"என் கை சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குதுண்ணே" என்றாள் குட்டை.

எனக்கு அந்த மனுஷனை அறைய வேண்டும்போல இருந்தது. ஆட்டமும் போய்விட்டால் அவளுக்கு என்ன இருக்கிறது? வீட்டில் ஒரு ரேடியோவும் ஒற்றைத் தட்டும்தான்.

நெட்டைக்குப் பதிலாக ஐந்தாவது ஆளாகச் சேர்ந்தவள் இஸ்திரிப் பிரிவின் புதுக்காரி. வாயில்லாப் பூச்சி. அவள்தான் என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "அக்கா எறியிறதை எறியட்டும். நாம அங்க ஓடினா என்ன?"

குட்டைக்குத் தெரியாமல், மதியச் சாப்பாட்டு நேரத்தில் மூலைக்கு ஓடிப் பழகினோம்.

அடுத்த ஆட்டத்தில் குட்டை பார்க்காமல் எறிந்தாள். எறிந்த கையோடு தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆனால் பந்து புதுக்காரியிடம் இருந்தது. அடுத்த நொடி கூடையில் விழுந்தது. தொண்டை கிழியக் கத்தினோம்.

குட்டை விறுவிறுவென்று மூலைக்குப் போனாள்.

"உன்னை யாருடி இங்க நிக்கச் சொன்னா?"

புதுக்காரி மிரண்டுபோய் என்னைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலியாக இருந்தவரை அது நெட்டையின் இடமாக இருந்திருக்கிறது. அதையும் பிடுங்கிக்கொண்டோம்.

ஜெயித்தோம். குட்டை நேரே வீட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமை போனால் சுவரில் கொக்கிகள் இல்லை, இரண்டு ஓட்டைதான் இருந்தது. குட்டை விரிப்பின் இரண்டு முனையைப் புதுக்காரியிடம் நீட்டினாள்.

"இழுத்துப் பிடி."

மடிப்பு கோணலாக வந்தது. பழைய குட்டை என்றால் உதறி மறுபடி மடித்திருப்பாள். இவள் அதை அப்படியே அடுக்கில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரே இருந்த கைகளையே பார்த்துப் பார்த்து மடித்தாள்.