மட்டை வைத்து அடித்த கதவு

1. பூட்டாத கதவு

மொன்றியலில், செயின்ட்-மிஷேலில் நான் கார்த் தகடு நிமிர்த்தும் டிங்கரிங் வேலை செய்த கராஜில், பனி கரையத் தொடங்கியிருந்த ஒரு வியாழக்கிழமை, பழைய ஜப்பான் கார் ஒன்றின் கதவை நாலு தரம் சாத்திப் பார்த்தேன். நாலு தரமும் சட்டத்தில் இடித்துத் திரும்பி வந்தது.

முதலாளி அருளப்பண்ணை எட்டிப் பார்த்தார்.

“என்னடா சூசை, கதவோட மல்லுக்கட்டுறாய்?”

“பூட்டுதில்லை அண்ணை.”

“கழட்டேக்கை பூட்டினதுதானே?”

“ஓம்.”

“அப்ப நீதான் என்னவோ செய்துபோட்டாய். பெயின்ற் அடிக்க முந்திப் பாக்கவெண்டு அந்தக் கார்க்கார அம்மா சனிக்கிழமை வாறா. விளங்குதோ?”

விளங்கியது.

2. கார் வந்த விதம்

அந்த அம்மாவின் பெயர் ஹிசாக்கோ. ஆற்றுக்கு அப்பால் புரோசார்டில் இருந்தார், வயது அறுபதுக்கு மேல். தகப்பன் இறந்த பிறகு, கொட்டிலில் கிடந்த காரை ஜப்பானிலிருந்து தம்பி கப்பலில் அனுப்பியிருந்தார். துருவை எடுத்துப் பெயின்ற் அடித்தால் போதும் என்றுதான் அந்த அம்மா சொன்னாராம்.

“அவவின்ர அப்பா செய்த காராம். பத்திரம்,” என்றார் அண்ணை.

“என்ர மாமாவும் சீமெந்துத் தொழிற்சாலையிலை இருந்தவர்தான். ஊரிலை உள்ள சீமெந்தெல்லாம் அவர் செய்ததே?” என்று நான் சிரித்தேன்.

மத்தியானங்களில் கூரைக் கண்ணாடியால் வெயில் இறங்கி அந்தக் காரின்மேல் விழும். அந்த வேளையில் கராஜின் சத்தமெல்லாம் தூரத்தில் கேட்பதுபோல் இருக்கும். கார் நித்திரை கொள்வதுபோல் நிற்கும். நான் வேலையை விட்டுவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி நடப்பேன். வலப்பக்க முன்கதவில் உள்ளங்கையை வைத்தால், காற்றுப்பட்ட களப்புத் தண்ணீர்போலத் தகடு மெல்ல ஏறி இறங்கியது. இடப்பக்கக் கதவில் அதே இடம் வேறு வளைவாக இருந்தது. வலப்பக்கத்தில் யாரோ மோதிவிட்டு அரைகுறையாக நிமிர்த்தியிருக்கிறான் என்று நினைத்தேன். சொல்லாமலே சரிசெய்து கொடுத்தால் அந்த அம்மா சந்தோஷப்படுவா என்றும் நினைத்தேன்.

இடப்பக்கக் கதவின் வளைவுக்கு அளவாகக் காட்போட்டில் ஒரு மட்டை வெட்டினேன். அதைத் திருப்பி வைத்து, வலப்பக்கக் கதவை அதற்குச் சரியாக அடித்தேன். மூன்று நாள் கனவில் இருப்பவன்போல் அடித்தேன். மட்டைக்கும் தகட்டுக்கும் இடையில் தாள்கூடப் போகாது. பிறகு கதவைக் கீல் பிணைச்சலில் மாட்டினேன். அப்போதுதான் பூட்டவில்லை.

3. வெள்ளிக்கிழமை

“சட்டத்தை ஒரு நூல் அராவி விடு. பில்லர் பசையைப் பூசி மறை. ஆர் பாக்கப்போறது?” என்றார் அண்ணை.

காலையில் மாதா கோயிலில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்திருந்தேன். அந்த முகத்தோடு பொய் சொல்ல எனக்கு முடியவில்லை.

“அவவைக் கூப்பிட்டுச் சொல்லப்போறன் அண்ணை.”

“சொல்லு. ஏச்சையும் நீயே வாங்கு. நான் தேத்தண்ணி குடிக்கப் போறன்.”

மத்தியானமே ஹிசாக்கோ அம்மா வந்தார். கதவைத் தடவினார். பிறகு ஆங்கிலமும் பிரெஞ்சும் கலந்து, எனக்கு விளங்கும்படி மெதுவாகச் சொன்னார்.

“அந்தக் காலத்தில் அப்பாவின் பட்டறையில் தகட்டை அழுத்தி வளைக்கிற பெரிய அச்சு மெஷின் இல்லை. கீழே லொறிக்குப் போடுகிற மாதிரிச் சட்டம். மேலே உள்ள தகடு முழுவதும் மரக்கட்டையில் வைத்துக் கையால் அடித்தது. ஒரு கார் மற்றதைப்போல் இருக்காது. ஒரு காரின் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்காது. கதவு பொருந்தும் வாசல் எப்படி வந்ததோ, அதற்கு ஏற்றபடி கதவை அடிப்பார்கள். இந்தக் காரின் நாலு கதவும் அப்பா அடித்தவை.”

கதவின்மேல் கையை வைத்தார். “அப்பாவின் கடிதம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. இந்த அடிகள்தான் இருந்தன.”

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா,” என்று தமிழிலேயே வந்துவிட்டது எனக்கு. அவருக்கு அது விளங்கியிருக்க வேண்டும்.

“திரும்ப அடிக்க முடியுமா?” என்று கேட்டார்.

“பூட்டச் செய்யலாம். அவர் அடித்ததுபோல் வராது” என்றேன்.

மட்டையைக் குப்பையில் போட்டேன். இந்த முறை வாசலைத்தான் பார்த்தேன். நாலு அடி அடிப்பேன், மாட்டிப் பார்ப்பேன், கழட்டுவேன், பிறகும் நாலு அடி. வாய்க்குள் மாதாவின் அருள்நிறை மந்திரம் ஓடியது. சுத்தியல் அதன் வேகத்துக்கு வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு தடவினால், முகம் தெரியாத ஒரு மனிதர் தகட்டின் மறுபக்கம் நின்று, அடிக்குத் தாங்கலான டொலி இரும்பைப் பிடித்திருப்பதுபோல் இருந்தது. அந்த அம்மா கோட்டைக் கழற்றாமல் ஒரு கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு மணிபோல் கதவு ‘டுப்’பென்று பூட்டியது.

“ஆ! பூட்டிட்டுது. மாதா வந்து பிடிச்சவவோ?” என்றார் அண்ணை, கையில் கோப்பையோடு.

ஹிசாக்கோ அம்மா எழுந்து வந்து தடவினார். “இது அப்பா இல்லை.”

“இல்லை. இது நான்.”

காரைச் சுற்றி நடந்து மற்ற மூன்று கதவையும் தொட்டுவிட்டு வந்தார். “அப்படியானால் மூன்று அப்பாவுடையது, ஒன்று உங்களுடையது. என் தம்பி கேட்டாலும் இப்படியே சொல்வேன்.”

பிறகு அந்தக் கதவைத் திறந்து உள்ளே ஏறி இருந்து, தானே பூட்டிக்கொண்டார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். தகட்டில் ஒரு கோணலைக் கண்டால், இது எப்படி வந்தது என்று சொந்தக்காரரை முதலில் கேளுங்கள். அன்றிலிருந்து நான் கேட்கிறேன். பெரும்பாலும், “கடைவாசலில் தள்ளுவண்டில் இடித்தது” என்றுதான் பதில் வரும். வரட்டும். அதைக் கேட்ட பிறகுதான் சுத்தியலை எடுப்பேன்.