ஒரு சொட்டுச் சலத்துக்காக முருகனைக் கும்பிட்டேன்

பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலை செய்கிறவனுக்கு வரக்கூடாத நோய் வருத்தம் ஒன்று எனக்கு வந்தது. அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் முருகன் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் விட்டால் அது அதைவிடப் பெரிய வெட்கம்.

முள்ளியவளையில் இருக்கிறேன். பெயர் சிவநேசன். முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் வழியாக வவுனியா போகிற தனியார் பஸ்ஸில் பதினெட்டு வருடமாக நடத்துநர். சாரதி யோகண்ணைக்கும் எனக்கும் நாள் தவறாமல் ஒரு சண்டையாவது நடக்கும். இரண்டு பேருக்கும் வாய் அப்படி.

முதலில் இரத்தம் போனது. மூலம் என்று நானே முடிவு கட்டி, யார் யாரோ சொன்ன கைமருந்தெல்லாம் சாப்பிட்டுப் பார்த்தேன். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் கமரா விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடலின் உள்பக்கம் முழுக்கப் புண். அல்சரேற்றிவ் கொலைற்றிஸ் என்று எழுதித் தந்தார்கள். அடியோடு மாறாது, குளிசை மாத்திரையால் அடக்கி வைக்கலாம், வயிற்றாலை போகப் போக உடம்பு வற்றும், அதனால் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று கிளினிக்கில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஒட்டுசுட்டான் தாண்டினால் இரண்டு பக்கமும் காடு. எனக்கு வயிறு முறுக்கினால் இரண்டு நிமிடம்தான் தவணை. பஸ்ஸில் எழுபது பேர் நெருக்கி அடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு நாள் முடியாமல் மதகடியில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பற்றைக்குள் ஓடினேன். திரும்பி வந்தபோது யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் யன்னலால் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாராவது திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அன்று மிச்சக் காசைக் கொடுக்கக்கூட முகம் நிமிரவில்லை.

அன்றோடு தண்ணீரை விட்டேன். உள்ளே போகாவிட்டால் வெளியே வராது. என் மூளை அவ்வளவுதான் வேலை செய்தது.

விடிய எழும்பி என் மனைவி கலா கொதித்தாறின தண்ணீரை ஒரு பெரிய போத்திலில் நிறைத்துத் தருவாள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுத் தண்ணீர் என்று, எனக்காகவே வடிகட்டின தண்ணீர் வாங்கிக் கொதிக்க வைப்பாள். நான் அதை அப்படியே கொண்டுபோய் வவுனியா பஸ் நிலையத்துக்குப் பின்னால் நின்ற வேப்பமரத்துக்கு ஊற்றுவேன். பின்னேரம் வெறும் போத்திலைக் கண்டு கலாவின் முகம் மலரும். “இண்டைக்கும் முழுக்கக் குடிச்சிட்டியள்” என்று சொல்லிக்கொண்டு போய்க் கழுவி வைப்பாள். வேப்பமரம் நல்லாய்த் தழைத்தது. எனக்குத்தான் உதடு வெடித்தது, கெண்டைக்கால் இழுத்தது, தலை சுற்றியது. குளிசையை எச்சிலோடு விழுங்கினேன்.

குடித்தால் எழுபது பேருக்கு முன்னால் மானம் போகும். குடியாவிட்டால் உடம்பு போகும். வேலையை விடலாம் என்றால் எனக்கு வேறு என்ன தெரியும்? கல்யாண வீட்டுக்குப் போவதில்லை, செத்த வீட்டுக்குப் போவதில்லை. எங்கே போனாலும் கண் முதலில் கக்கூஸைத்தான் தேடும். கோயிலுக்குப் போனாலும் வாசலோடு நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். சிறைக்குள் இருப்பவன்கூட வாளி நிறையத் தண்ணீர் வைத்திருப்பான் என்று நினைத்து நினைத்து அழுதிருக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முந்திய ஐப்பசியில் வருத்தம் கூடியது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தரம். கந்தசஷ்டி வந்தது. எங்கள் பக்கத்தில் சிலர் ஆறு நாளும் அன்னம் ஆகாரம் இல்லாமல், கோயிலில் தருகிற மூன்று மிடறு தீர்த்தத்தோடு மட்டும் இருப்பார்கள். என் அம்மாவும் அப்படி விரதம் பிடித்தவர். நானும் அப்படியே பிடிக்கிறேன், ஆறாம் நாள் முடிய நீ என் வயிற்றைக் கட்டித்தா என்று முருகனோடு ஒப்பந்தம் போட்டேன். கலா கெஞ்சினாள். கிளினிக் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினாள். டொக்டரைவிட முருகன் பெரியவன் என்று சத்தம் போட்டு அவள் வாயை அடைத்தேன்.

மூன்றாம் நாள் அதிசயம் நடந்தது. பன்னிரண்டு தரம் போனது நாலு தரமாகக் குறைந்தது. அட, எனக்கு வந்த சந்தோசம்! பஸ்ஸில் ஏறினவர் இறங்கினவர் எல்லோருக்கும் சொன்னேன். முருகன் கண் திறந்துவிட்டான் என்று யோகண்ணையிடமும் சொன்னேன். அவர் கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்துவிட்டு, கண் கிணறு மாதிரிக் கிடக்குது என்று மட்டும் சொன்னார். பொறாமை என்று நினைத்தேன்.

குடலுக்குள் ஒன்றும் போகவில்லை, அதனால் வருவதும் குறைந்தது. அவ்வளவுதான் விசயம். வருத்தம் அப்படியே உள்ளே இருந்தது. நான் காய்ந்துகொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் காலை முழுக்க எனக்குச் சலம், அதுதான் சிறுநீர், போகவில்லை. அதைக்கூட நல்லது என்றே நினைத்தேன், ஒரு கரைச்சல் குறைந்ததே என்று. ஒட்டுசுட்டான் தாண்டி மிதிபலகையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. கை விரல்கள் தாமாக மடங்கி இறுகின. பிறகு ஒன்றும் தெரியாது. பக்கத்தில் நின்ற ஒருவர் என் சேட்டுக் கொலரைப் பிடித்து உள்ளே இழுத்திராவிட்டால் றோட்டில் விழுந்திருப்பேன்.

யோகண்ணை எந்தத் தரிப்பிலும் நிறுத்தவில்லையாம். இறங்க வேண்டியவர்கள் கத்தியும் நிறுத்தவில்லையாம். எழுபது பேரோடும் பஸ்ஸை மாங்குளம் ஆஸ்பத்திரி வாசலுக்குள் கொண்டுபோய் விட்டாராம். சேலைன் ஏற்றி, அங்கிருந்து அம்புலன்ஸில் வவுனியாவுக்கு அனுப்பினார்கள்.

ஆறாம் நாள் விடிந்தது. கட்டிலோடு கிடக்கிறேன். சலம் எவ்வளவு போகிறது என்று பார்க்கக் குழாய் போட்டு, கட்டில் கம்பியில் ஒரு பை கொழுவியிருந்தார்கள். பை காய்ந்து கிடந்தது. சேலைன் ஏறிக்கொண்டே இருக்கிறது, பைக்குள் ஒன்றும் இல்லை.

டொக்டர் வந்தார், சின்ன வயதுப் பெண். எத்தனை நாளாகத் தண்ணீர் குடிக்கவில்லை என்று கேட்டார். சொன்னேன். “வருத்தம் உங்கடை குடலிலை. நீங்கள் தண்டனை குடுத்தது கிட்னிக்கு” என்றார். பின்னேரம் வரை பார்ப்போம், வராவிட்டால் மெசினில் போட்டு இரத்தம் கழுவ வேண்டி வரும் என்றார்.

எங்கள் வன்னியில் அந்த மெசினைத் தெரியாத ஆள் இல்லை. கிட்னி வருத்தக்காரர் கிழமைக்கு இரண்டு மூன்று தரம் என் பஸ்ஸில்தான் ஏறி வவுனியா போவார்கள். கை வீங்கி, முகம் கறுத்து, முன் சீற்றில் சாய்ந்து கிடப்பார்கள். அவர்களுக்கு நான் இடம் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். இனி எனக்கு யார் பிடித்துத் தருவார்கள் என்று நினைத்தேன்.

கலா பக்கத்தில் கதிரையில் இருந்தாள். அவளிடம் வேப்பமரத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை.

“மரத்துக்கு ஊத்தினதை எனக்குச் சொல்லியிருந்தா, நானும் உங்களோடை பஸ்ஸிலை வந்திருப்பனே” என்றாள். “நீங்கள் பத்தைக்குள்ளை போகேக்கை வெளியிலை நிண்டு மறைச்சிருப்பனே.”

நான் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். இவ்வளவு நாளும் தனியாகப் பூட்டிக் கிடந்தேன். திறப்பு என் கையில்தான் இருந்திருக்கிறது, அது எனக்குத் தெரியவில்லை.

பிறகு கும்பிட்டேன். ஒப்பந்தம் ஒன்றும் இல்லை. காவடி எடுக்கிறேன், மொட்டை அடிக்கிறேன் என்று ஒன்றும் சொல்லவில்லை. “முருகா, நான் பிடிச்சது விரதமில்லை, வீம்பு. உன்ர பேரைச் சொல்லி என்ர வெக்கத்தைத்தான் மறைச்சனான். எனக்கு ஒரு சொட்டுச் சலத்தைத் தா. வேறை ஒண்டும் கேக்கமாட்டன்.” வாய்விட்டேதான் சொன்னேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பின்னேரம் நாலு மணி இருக்கும். எங்கள் கோயிலில் சூரன் போர் தொடங்குகிற நேரம். கலா தண்ணீரில் நனைத்த பஞ்சால் என் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சட்டென்று கையை நிறுத்தினாள். குனிந்து பைக்குள் பார்த்தாள். அடியில் தேயிலைச் சாயம் மாதிரி ஒரு தேக்கரண்டி அளவு கிடந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னும் கொஞ்சம். தாதி ஓடிவந்து பார்த்துவிட்டு, “வருது ஐயா, வருது” என்றாள். கலா இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பினாள். சலப் பையைப் பார்த்துக் கும்பிட்ட மனுசி உலகத்திலே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது.

பை நிறைய நிறைய உயிர் வந்தது. மெசின் தேவைப்படவில்லை. பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தேன்.

டொக்டர் சொன்னது இதுதான். தண்ணீர் குடித்தாலும் குடியாவிட்டாலும் புண் இருக்கிற குடல் ஓடத்தான் செய்யும். ஒரேயடியாகக் குடிக்காமல் மிடறு மிடறாக நாள் முழுக்கக் குடிக்க வேண்டும். ஒவ்வொரு தரம் போய்வந்த பிறகும் ஒரு கோப்பை. வயிற்றாலை கூடினால் ஆஸ்பத்திரியில் தருகிற உப்புச் சீனித் தூளைப் பைக்கற்றில் எழுதியிருக்கிற அளவில் கரைத்துக் குடிக்க வேண்டும். உப்புப் போட்ட கஞ்சி நல்லது. கடைக்குக் கடை இறங்கிக் குடிக்கிற சாயத் தேத்தண்ணீரும் சோடாவும் தண்ணீருக்குப் பதிலாகாது. சலத்தின் நிறத்தைப் பார்க்க வேண்டும், கடும் மஞ்சளாய்ப் போனால் இன்னும் குடிக்க வேண்டும் என்றார்.

வேலைக்குத் திரும்பின முதல் நாளே யோகண்ணையிடம் வருத்தத்தைப் பெயரோடு சொன்னேன். அந்த மனுசன் ஒட்டுசுட்டானில் கக்கூஸ் இருக்கிற இடமாய்ப் பார்த்து பஸ்ஸை ஓரம்கட்டி, மூன்று நிமிடம் என்று சத்தம் போட்டுச் சொன்னார். மாங்குளத்திலும் அப்படி, புளியங்குளத்திலும் அப்படி. இரண்டு மூன்று பேர் முணுமுணுத்தார்கள். ஆனால் என்னோடு கூடவே ஐந்தாறு பெண்கள் இறங்கினார்கள். அவர்களில் கந்தோருக்கு வேலைக்குப் போகிற ஒரு அக்கா திரும்பி ஏறும்போது என்னிடம் மெல்லச் சொன்னா: “தம்பி, நாங்களும் இதுக்காகத்தான் விடிய வெளிக்கிட்டா வீடு போகுமட்டும் தண்ணி குடிக்கிறேல்லை.” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினெட்டு வருடமாக அவர்களுக்கு ரிக்கற் கிழித்தவன் நான். அடைபட்டது நான் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வருத்தம் இன்னும் இருக்கிறது. குளிசையும் இருக்கிறது. சில கிழமை நல்லாயிருக்கும், சில கிழமை படுத்தும். ஆனால் முருகனிடம் நான் இப்போது எதையும் ஒளிப்பதில்லை, கலாவிடமும் இல்லை.

சஷ்டிக்கு ஆயத்தப்படுகிற அடியார்களே, உங்களில் குடல் வருத்தக்காரர் இருப்பீர்கள், சலரோகமென்கிற சீனி வருத்தக்காரர் இருப்பீர்கள். உங்கள் தொண்டையை அவனுக்குப் பணயம் வைக்காதீர்கள். டொக்டரைக் கேட்டுவிட்டு இயன்றதைப் பிடியுங்கள். உள்ளதை உள்ளபடி அவனிடம் சொல்லுங்கள். கேட்பான். எனக்குக் கேட்டான்.

போன வருடமும் நான் சஷ்டி பிடித்தேன். உப்புக் கஞ்சியும் தண்ணீரும் குடித்துப் பிடித்தேன். ஆறாம் நாள் கோயில் வீதியில் சனத்துக்குள் நிற்கிறேன். வேல் புறப்பட்டது. சூரனின் தலை விழப்போகிற நேரம் பார்த்து எனக்குச் சலம் முட்டியது. வழி விடுங்கோ, வழி விடுங்கோ என்று சனத்தை விலக்கிக்கொண்டு ஓடினேன். கக்கூஸுக்குள் நின்றபோது வெளியே அரோகரா என்று சத்தம் வானைப் பிளந்தது. சூரன் விழுந்ததை நான் பார்க்கவில்லை. சலம் நல்ல வெளிறின நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. கண்ணீர் வழிய வழிய அங்கேயே நின்று அரோகரா சொன்னேன்.